ஊனுண்ணி அழைப்பொலிக் கருவி

ஊனுண்ணி அழைப்பொலிக் கருவி என்பது, இரை விலங்கின் அவலக் குரலையோ ஊனுண்ணியின் சொந்தக் குரலையோ ஒத்த ஒலியை எழுப்பி, நரி, கோயோட்டி முதலிய ஊனுண்ணிகளை மனிதர் இருக்கும் இடத்தை நோக்கி வரச்செய்யும் சிறு கருவி ஆகும். ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் வேட்டைக்காரர்களும் கால்நடை வளர்ப்போரும் இதனைப் பரவலாகப் பயன்படுத்துகின்றனர். காட்டுயிர் ஆய்வாளர்களும் ஒளிப்படக் கலைஞர்களும் இதே நுட்பத்தைக் கையாளுகின்றனர். இக்கருவிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. எனினும் மரத்துண்டு, இரப்பர் வளையம், நெகிழித் தகடு, உறிஞ்சுகுழல் போன்ற எளிய பொருட்களைக் கொண்டு குறைந்த செலவில் வீட்டிலேயே செய்துகொள்ளும் வழக்கமும் நெடுங்காலமாக உண்டு.

அடிப்படை

முயல் பெரும்பாலும் ஓசையின்றி வாழும் விலங்கு ஆகும். ஆனால் பருந்தோ நரியோ பிடித்துவிட்டால் அது உரத்த குரலில் வீறிடும். இவ்வோசை கேட்கும் தொலைவில் உள்ள பிற ஊனுண்ணிகளுக்கு அது, தளர்ந்துபோன இரை ஒன்று அருகில் உள்ளது என்பதற்கான அறிகுறி ஆகும். சிறு உழைப்பில் உணவு கிடைக்கும் வாய்ப்பை எந்த ஊனுண்ணியும் எளிதில் விட்டுவிடுவதில்லை. அழைப்பொலிக் கருவியின் தத்துவம் இதுவே.

ஒலிகளை மூன்று பிரிவுகளாகப் பிரிக்கலாம்.

- இரையின் அவலக் குரல்: பஞ்சுவால் முயல், குழிமுயல், மான்குட்டி, பறவை முதலியவற்றின் குரல்கள்.
- சிறு கீச்சொலி: எலி, சுண்டெலி போன்றவற்றின் மெல்லிய குரல். விலங்கு அருகில் வந்தபின் இது பயன்படும்.
- இனக் குரல்: கோயோட்டியின் ஊளை, குட்டியின் சிணுங்கல் முதலியன. இவை பசியை அல்ல, எல்லைக் காப்பு உணர்வையும் குட்டிகளைக் காக்கும் உணர்வையும் தூண்டுகின்றன.

வட அமெரிக்காவில் இவ்வாறு அழைக்கப்படும் முதன்மையான விலங்குகள் கோயோட்டி, செந்நரி, சாம்பல் நரி, பாப்கேட் எனப்படும் குட்டைவால் காட்டுப்பூனை ஆகியன. இவற்றின் செவிப்புலன் மனிதனுடையதைவிட மிகக் கூர்மையானது. மனிதன் ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கிறான். வீட்டு நாய் ஏறத்தாழ 45 கிலோஹெர்ட்ஸ் வரையிலும், செந்நரி 48 கிலோஹெர்ட்ஸ் வரையிலும், வீட்டுப் பூனை 85 கிலோஹெர்ட்ஸ் வரையிலும் கேட்கக்கூடியவை. எனவே எளிய கருவி எழுப்பும் மெல்லிய ஒலியும் இவ்விலங்குகளை எட்டிவிடுகிறது.

வரலாறு

வேட்டையாடி வாழ்ந்த மக்கள் பலர் விலங்குகளின் குரலை வாயாலும் கையாலும் போலி செய்து அவற்றை அருகில் வரவழைத்தனர். அமெரிக்கப் பழங்குடியினர் வான்கோழியின் இறக்கை எலும்பைக் கொண்டு வான்கோழியை அழைக்கும் குழல் செய்தனர்.

ஊனுண்ணி அழைப்பு ஒரு தனி வேட்டை முறையாகப் பரவியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆகும். டெக்சாஸ் மாநிலத்தின் மார்பிள் ஃபால்சைச் சேர்ந்த மரி பர்ன்ஹம், வின்ஸ்டன் பர்ன்ஹம் என்னும் உடன்பிறந்தோர் 1950-களில் மரத்தாலான ஊதுகருவிகளை அஞ்சல் வழியே நாடெங்கும் விற்றனர். அதே மாநிலத்தின் வேக்கோ நகரைச் சேர்ந்த ஜானி ஸ்டூவர்ட் உண்மையான விலங்குக் குரல்களைப் பதிவுசெய்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார். பின்னர் ஒலிநாடாக்களும், அதன் பின்னர் தொலைவிலிருந்து இயக்கக்கூடிய எண்முறை ஒலிபெருக்கிகளும் வந்தன. கொலராடோவைச் சேர்ந்த மேஜர் பாடிக்கர் (மேஜர் என்பது படைப்பதவி அன்று, அவரது பெயர்) திறந்த நாக்குக் கருவிகளைப் பரப்பியவர்களுள் ஒருவர்.

இம்முறை பரவியதற்குச் சூழலும் துணைசெய்தது. 1972 பெப்ரவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன், கூட்டரசு நிலங்களில் ஊனுண்ணிகளைக் கொல்ல நஞ்சு வைப்பதைக் கட்டுப்படுத்தும் ஆணையைப் பிறப்பித்தார். 1970-களின் பிற்பகுதியில் மென்மயிர்த் தோலின் விலையும் உயர்ந்திருந்தது. இதனால் ஊதி அழைத்துச் சுடும் முறையில் பலர் ஈடுபட்டனர்.

ஒலி பிறக்கும் முறை

ஊதுகருவிகளில் ஒலியைத் தோற்றுவிப்பது அதிர்நாக்கு (ரீடு) ஆகும். மூச்சுக்காற்று மெல்லிய நாக்குக்கும் அதன் கீழுள்ள தளத்துக்கும் இடையே விரைந்து செல்லும்போது அங்கு அழுத்தம் குறைகிறது. நாக்கு தளத்தை நோக்கி இழுக்கப்பட்டு வழியை அடைக்கிறது. உடனே காற்றோட்டம் தடைப்பட, நாக்கு தன் மீள்தன்மையால் பழைய நிலைக்கு வருகிறது. இது ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நிகழ்வதால் ஒலி பிறக்கிறது. நாதசுவரத்தின் சீவாளியும், சிறுவர்கள் பூவரசம் இலையைச் சுருட்டி ஊதும் பீப்பீயும் இதே முறையில் ஒலிக்கின்றன.

ஒரு முனையில் பிடிக்கப்பட்டு மறுமுனை கட்டற்று இருக்கும் தகட்டின் அதிர்வெண் இரண்டு அளவுகளைப் பெரிதும் சார்ந்துள்ளது.

- நீளம்: அதிர்வெண் நீளத்தின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் அமையும். நீளம் பாதியானால் அதிர்வெண் நான்கு மடங்காகும்.
- தடிப்பு: அதிர்வெண் தடிப்புக்கு நேர்விகிதத்தில் அமையும். தடிப்பு இரு மடங்கானால் அதிர்வெண்ணும் இரு மடங்காகும்.

வீட்டில் கருவி செய்வோர் அறிந்திருக்க வேண்டிய விதி இதுவே. குரல் கனமாக ஒலித்தால் நாக்கைச் சிறிது வெட்டிக் குறைக்க வேண்டும். கீச்சென்று ஒலித்தால் நீளமான அல்லது மெல்லிய வேறொரு நாக்கைப் பொருத்த வேண்டும். வெட்டிய நாக்கை மீண்டும் நீட்ட முடியாது. ஆகையால் ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டர் அளவே வெட்டுவது நல்லது.

வகைகள்

- மூடிய நாக்குக் கருவி: நாக்கு குழலுக்குள் மறைந்திருக்கும். ஊதினால் போதும், ஒலி வரும். தொடக்கநிலையினருக்கு எளிது. ஆனால் ஒரே வகைக் குரலே கிடைக்கும். எச்சில் உறையும் குளிர்காலத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு ஒலி நின்றுவிடுவதும் உண்டு.
- திறந்த நாக்குக் கருவி: நாக்கு வெளியே தெரியும். உதட்டாலோ பல்லாலோ அழுத்தும் இடத்தை மாற்றிப் பல குரல்களை எழுப்பலாம். பயிற்சி தேவை.
- சவ்வுக் கருவி: இழுத்துக் கட்டிய இரப்பர் பட்டை அல்லது சவ்வு அதிர்ந்து ஒலிக்கும்.
- அழுத்துகருவி: இரப்பர்க் குமிழை அழுத்தினால் எலியின் கீச்சொலி வரும்.
- மின்னணுக் கருவி: பதிவுசெய்த ஒலியை ஒலிபெருக்கி வழியே தரும். விலை மிகுதி, தரமானவை நூற்றுக்கணக்கான டாலர் வரை விற்கப்படுகின்றன.

வீட்டில் செய்யும் முறைகள்

கருவி இல்லாத முறை

மிக எளிய முறைக்குக் கருவியே தேவையில்லை. புறங்கையை உதட்டில் அழுத்தி, காற்றை உள்ளிழுத்து முத்தமிடுவது போன்ற ஒலியை எழுப்பினால் அது சுண்டெலியின் குரலை ஒத்திருக்கும். அகலமான புல்லிதழ் ஒன்றை இரு பெருவிரல்களுக்கும் இடையே நிமிர்த்தி இழுத்துப் பிடித்து ஊதினால் முயலின் வீறிடலை ஒத்த கூரிய ஒலி கிடைக்கும். புல் விரைவில் கிழிந்துவிடும் என்பதே இதன் குறை.

இரு குச்சிக் கருவி

தேவையானவை: பனிக்கூழ்க் குச்சிகள் இரண்டு, அகலமான இரப்பர் வளையம் ஒன்று, சிறிய இரப்பர் வளையங்கள் இரண்டு, உறிஞ்சுகுழல் துண்டுகள் இரண்டு (ஒவ்வொன்றும் 2.5 செ.மீ.).

1. அகலமான இரப்பர் வளையத்தை ஒரு குச்சியின் நீளவாக்கில் மாட்ட வேண்டும்.
2. ஒரு முனைக்கு அருகில், இரப்பருக்கும் குச்சிக்கும் இடையே ஓர் உறிஞ்சுகுழல் துண்டைக் குறுக்காகச் செருக வேண்டும்.
3. இரண்டாவது குச்சியை மேலே வைத்து, முதல் துண்டு உள்ள முனையைச் சிறிய இரப்பர் வளையத்தால் கட்ட வேண்டும்.
4. மறுமுனையில், இரப்பருக்கு மேலாக, இரு குச்சிகளுக்கும் இடையே இரண்டாவது துண்டை வைத்து அம்முனையையும் கட்ட வேண்டும்.

குச்சிகளுக்கு நடுவே இப்போது சிறு இடைவெளி இருக்கும். அதன் வழியே ஊதினால் இரப்பர் அதிரும். இரு துண்டுகளையும் ஒன்றையொன்று நோக்கி நகர்த்தினால் அதிரும் பகுதி குறைந்து குரல் உயரும். பள்ளிகளில் ஒலியியல் பாடத்தை விளக்கவும் இக்கருவி செய்யப்படுவதுண்டு.

உறிஞ்சுகுழல் கருவி

நெகிழி உறிஞ்சுகுழலின் ஒரு முனையை 2 செ.மீ. அளவுக்குத் தட்டையாக நசுக்கி, இரு ஓரங்களையும் சாய்வாக வெட்டிக் கூர்முனை போல் ஆக்க வேண்டும். இது சீவாளி போன்ற இரட்டை நாக்கு ஆகும். வெட்டிய பகுதியை உதடுகளுக்குள் வைத்து மெல்ல அழுத்தி ஊதினால் குட்டி விலங்கின் கத்தலைப் போன்ற ஒலி எழும். குழலைக் குட்டையாக்கினால் குரல் உயரும். மறுமுனையில் காகிதக் கூம்பு ஒன்றைச் செருகினால் ஒலி வலுப்பெறும்.

விளையாட்டு ஊதுகுழல் நாக்கு

மலிவான விளையாட்டு ஊதுகுழல்களில் சிறிய நெகிழி நாக்கு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதனைக் கழற்றி, 10 செ.மீ. நீளமுள்ள மூங்கில், மரம் அல்லது நெகிழிக் குழாய்த் துண்டின் உள்ளே காற்று கசியாதபடி செருகினால் மூடிய நாக்குக் கருவி கிடைக்கும். குழாய் சற்றுப் பெரிதாயின் நாக்கைச் சுற்றி நாடா ஒட்டி இறுக்கலாம். சிலர் சுடப்பட்ட துப்பாக்கி ரவையின் வெற்றுப் பித்தளைக் கூட்டையும் உடற்பகுதியாகக் கொள்வர். ஆனால் அதில் ஈயப் படிவு இருக்கக்கூடும் என்பதால் வாயில் வைக்கும் கருவிக்கு அது ஏற்றதன்று.

திறந்த நாக்குக் கருவி

வீட்டில் செய்பவற்றுள் இதுவே அதிகக் கவனம் தேவைப்படுவது; பயனும் மிகுதி.

1. ஏறத்தாழ 15 மி.மீ. விட்டமும் 10 செ.மீ. நீளமும் உடைய வன்மரக் கோலின் ஒரு பாதியில் மட்டும் நெடுக 6 மி.மீ. துளையிட வேண்டும்.
2. துளையிடாத பாதியின் மேற்பகுதியைச் சீவி, தட்டையான தளம் அமைக்க வேண்டும். இதுவே ஒலித்தளம்.
3. தளத்தின் நடுவில் சிறு கால்வாய் வெட்டி அதனைத் துளையுடன் இணைக்க வேண்டும். கால்வாய் முனைவரை செல்லாமல் சற்று முன்னதாகவே முடிய வேண்டும்.
4. தளத்தின் முனையை உப்புத்தாளால் தேய்த்து மிக மெல்லிய வளைவாகக் கீழ்நோக்கிச் சரிக்க வேண்டும். நாக்குக்கும் தளத்துக்கும் இடையே முனையில் சிறு இடைவெளி தோன்றுவது இதனால்தான்.
5. 0.25 மி.மீ. தடிப்புள்ள மைலார் அல்லது அதையொத்த விறைப்பான நெகிழித் தகட்டிலிருந்து, கால்வாயை முழுதும் மூடும் அகலத்தில், ஏறத்தாழ 5 செ.மீ. நீளமுள்ள நாக்கை வெட்ட வேண்டும்.
6. நாக்கின் அடிப்பகுதியைத் தளத்தின் மேல் வைத்து இறுக்கமான இரப்பர் வளையத்தால் கட்ட வேண்டும்.

ஒலி வராவிட்டால் பெரும்பாலும் காரணம் ஒலித்தளமே. தளம் முற்றிலும் தட்டையாக இருந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வளைவு மிகுதியாக இருந்தால் காற்று வீணாகி வெறும் மூச்சொலி வரும். எனவே வளைவைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் ஊதிப் பார்ப்பது வழக்கம். நாக்கின் ஓரங்களில் பிசிறு இருந்தாலும் ஒலி கெடும்.

ஊதும்போது, நாக்கை முனைக்கு அருகில் அழுத்தினால் அதிரும் நீளம் குறைந்து உயர்ந்த குரல் வரும். அடிப்பகுதிக்கு அருகில் அழுத்தினால் தாழ்ந்த குரல் வரும். அழுத்தும் இடத்தை ஊதிக்கொண்டே நகர்த்தினால் ஊளை கிடைக்கும். மறுமுனையில் மாட்டுக்கொம்பையோ நெகிழிப் புனலையோ பொருத்தினால் ஊளை தொலைவுக்குச் செல்லும்.

பயன்படுத்தும் முறை

குரலின் துல்லியத்தைவிட அதிலுள்ள பதற்றமே முக்கியம் எனப் பழகியவர்கள் கூறுவர். வாயின் முன் கையைக் குவித்துத் திறந்து மூடினால் குரல் நடுங்கி உயிருள்ளதாகத் தோன்றும். முதலில் மெல்லிய ஒலியில் தொடங்க வேண்டும். விலங்கு அருகிலேயே இருந்தால் உரத்த ஒலி அதனை விரட்டிவிடும். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஊதி, சில நிமிடங்கள் அமைதி காத்து மீண்டும் ஊதுவது பொது வழக்கம். கோயோட்டிக்கு 15 முதல் 20 நிமிடம் வரை காத்திருப்பர். பாப்கேட் மெதுவாகப் பதுங்கி வருவதால் அரை மணிக்கு மேலும் காத்திருக்க வேண்டும்.

கோயோட்டி ஒலி வந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு, காற்று வீசிச் செல்லும் பக்கமாக வந்து மோப்பம் பிடிக்கும். ஆகவே காற்றின் திசையை அறியாமல் அமர்வது பயனற்றது. ஒருமுறை ஏமாந்து தப்பிய விலங்கு அவ்வோசையை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் அடிக்கடி ஊதினால் அங்குள்ள விலங்குகள் எச்சரிக்கை அடைந்துவிடுகின்றன.

பாதுகாப்பு

இக்கருவியைப் பயன்படுத்துபவர் தம்மை இரையாக அறிவித்துக்கொள்கிறார் என்பதை மறக்கலாகாது.

- அழைப்பைக் கேட்டு நரி மட்டும் வருவதில்லை. கரடியும் மலைச்சிங்கமும் வரக்கூடும். பெரிய கொம்பு ஆந்தை ஓசையின்றிப் பின்புறமாகப் பாய்வதும் உண்டு. அகன்ற மரத்தில் முதுகைச் சாய்த்து அமர்வது நல்லது.
- உருமறைப்பு உடையில் ஒளிந்து முயல்போல் ஒலிப்பவரை வேறொரு வேட்டைக்காரர் விலங்கென்று எண்ணிச் சுடும் ஆபத்து உண்டு. வேறொருவர் வருவதைக் கண்டால் ஊதுவதை நிறுத்தி, அசையாமல் இருந்தபடி உரத்த மனிதக் குரலில் பேச வேண்டும். கையசைப்பது தவறு.
- சிறிய நாக்குகள் கழன்று தொண்டைக்குள் சென்றுவிடக்கூடும். குழந்தைகளுக்குச் செய்து தரும்போது நாக்கின் பிடிப்பைச் சோதிக்க வேண்டும்.
- வெடிக்காத ரவையைத் துளையிடவோ வெட்டவோ ஒருபோதும் முயலக்கூடாது.
- நெகிழிக் குழாயையும் மரத்தையும் தேய்க்கும்போது எழும் தூசியைச் சுவாசிக்கலாகாது.

சட்டமும் சர்ச்சையும்

ஐக்கிய அமெரிக்காவில் ஊனுண்ணி வேட்டை விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. வாயால் ஊதும் கருவிகள் பொதுவாக ஏற்கப்படுகின்றன. மின்னணுக் கருவி, இரவு வேட்டை, செயற்கை ஒளி ஆகியவற்றுக்குச் சில மாநிலங்களில் கட்டுப்பாடு உண்டு. வலசை போகும் வேட்டைப் பறவைகளைப் பொறுத்தவரை, பதிவுசெய்த அல்லது மின்னால் பெருக்கிய பறவைக் குரலைப் பயன்படுத்துவது சில விதிவிலக்குகள் தவிரக் கூட்டரசு விதிப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. அழைப்புக்கு வரும் ஆந்தைகளும் பருந்துகளும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைச் சுடுவது குற்றம்.

கோயோட்டியைக் கொல்வது நெடுநாளைய சர்ச்சைக்கு உரியது. ஆட்டுக்குட்டிகளையும் கன்றுகளையும் இழக்கும் வளர்ப்போருக்கு அது வாழ்வாதாரப் பிரச்சினை. அந்நாட்டில் ஊனுண்ணிகளால் ஏற்படும் ஆட்டு இழப்பில் கோயோட்டியின் பங்கே மிகப் பெரியது. மறுபுறம், கொல்லப்பட்ட விலங்கின் இடத்தை வெளியிலிருந்து வரும் இளம் விலங்குகள் விரைவில் நிரப்பிவிடுவதால், பரவலாகக் கொல்வது எண்ணிக்கையை நிலையாகக் குறைப்பதில்லை எனச் சூழலியலாளர் பலர் வாதிடுகின்றனர். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பெருமளவில் கொல்லப்பட்ட பின்னரும் கோயோட்டி வட அமெரிக்காவின் கிழக்குக் கரை வரை பரவியுள்ளது. குட்டி ஈனும் காலத்தில் தாயை அழைத்துக் கொன்றால் வளையில் உள்ள குட்டிகள் பட்டினியால் மடியும் என்பதும் முக்கியமான எதிர்ப்பு ஆகும். பரிசுக்காகக் கொல்லும் போட்டிகளைக் கலிபோர்னியா 2014 இலும், வெர்மான்ட் 2018 இலும், நியூ மெக்சிகோ 2019 இலும் தடைசெய்தன.

ஆய்வுப் பயன்பாடு

இதே நுட்பம் விலங்குகளைக் கொல்லாமல் எண்ணவும் உதவுகிறது. ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் எருமைக்கன்றின் அவலக் குரலை ஒலிபெருக்கியில் ஒலிக்கச்செய்து, கூடும் கழுதைப்புலிகளையும் சிங்கங்களையும் ஆய்வாளர்கள் எண்ணுகின்றனர். ஐரோப்பாவில் பொன்னிறக் குள்ளநரிகளின் பரவலை, ஊளையை ஒலிக்கச்செய்து கிடைக்கும் மறுஊளையைக் கொண்டு மதிப்பிடுகின்றனர். கனடாவின் அல்கோன்குவின் பூங்காவில் 1963 முதல் பொதுமக்கள் கூடி நிற்க, ஊழியர்கள் ஊளையிட்டு ஓநாய்களின் மறுமொழியைக் கேட்கச்செய்யும் நிகழ்ச்சி நடத்தப்பட்டு வந்துள்ளது.

தமிழ்ச் சூழலில்

விலங்கைக் கொண்டு விலங்கை ஈர்க்கும் முறையைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். பிற விலங்கைப் பிடிக்கப் பழக்கி நிறுத்திய விலங்கு பழந்தமிழில் பார்வை எனப்பட்டது. நரிக்குறவர் சமூகத்தினர் முன்னாளில் கருவி ஏதுமின்றி நரியைப் போல ஊளையிட்டு நரிகளை வரவழைத்தனர். எட்கர் தர்ஸ்டன் 1909 இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய நூல்தொகுதியில் இச்சமூகத்தினரின் நரி வேட்டை பற்றிய குறிப்பு உள்ளது.

இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்குகளை வேட்டையாடுவதைத் தடைசெய்கிறது. விலங்கை ஈர்த்துப் பிடிப்பதும் அச்சட்டப்படி வேட்டையே. இலங்கையில் 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காட்டுயிர்களைக் காக்கிறது. எனவே இந்நாடுகளில் இக்கருவிகளைச் செய்து பார்ப்பது ஒலியியல் கற்றலுக்கு மட்டுமே பொருத்தமானது. காட்டுப் பகுதியில் ஊதுவது விலங்குகளைத் துன்புறுத்துவதாக அமையும். பொய்யான அவலக் குரல் பசித்த விலங்கின் ஆற்றலை வீணாக்குகிறது. குட்டிகளைக் காக்கும் தாயை வெளியே இழுக்கிறது.

இவற்றையும் பார்க்க

- கோயோட்டி
- செந்நரி
- பொன்னிறக் குள்ளநரி
- சீவாளி
- ஒலியியல்
- நரிக்குறவர்
- வேட்டை